பத்து வாசல்

போன வருஷம் நடீன் ஹாக்மன் ஒரே ஒரு மருத்துவக் கல்லூரிக்குத்தான் விண்ணப்பித்தாள். அவளுடைய அப்பா வெர்லின் படித்த ஹார்ட்வெல் ஆஸ்டியோபதிக் கல்லூரி.

"நம்ம பேரைப் பார்த்தாலே கூப்பிட்டுடுவான்" என்று அப்பா சொன்னார். கூப்பிடத்தான் செய்தார்கள். நேரில் பார்த்துப் பேசினார்கள். பிறகு காத்திருப்போர் வரிசையில் நிறுத்தி வைத்தார்கள். கோடை முழுக்க நின்றாள். வகுப்புகள் தொடங்கிய பிறகும் வரிசை அசையவில்லை.

அழுது தீர்த்துவிட்டு, அப்பாவின் கிளினிக்கில் வரவேற்பு மேஜைக்கே திரும்பி வந்து தொலைபேசியை எடுக்கத் தொடங்கியவள், இந்த வருஷம் மனசுக்குள் ஒரு கணக்கு போட்டு வைத்திருந்தாள். அதை வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. ஜூன் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் வாய் வந்தது.

"பன்னிரண்டு" என்றாள்.

அம்மா வில்மா, சூடான மென்ரொட்டியைப் பிளந்து அதன்மேல் மிளகு தூக்கலான வெள்ளைக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது.

"எது பன்னிரண்டு? முட்டையா?"

"காலேஜும்மா. பன்னிரண்டு காலேஜுக்குப் போடப் போறேன். எல்லாம் ஆஸ்டியோபதிதான்."

வெர்லின் தலையைத் தூக்கவில்லை. தட்டில் இருந்ததை மென்று விழுங்கி, காப்பியைக் குடித்து, வாயைத் துடைத்தார். நோயாளிக்குக் கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் அவர் செய்கிற அதே சடங்கு.

"ஒண்ணு போதும்."

"போன வருஷம் ஒண்ணுதானே போட்டேன்?"

"இந்த வருஷமும் அதே ஒண்ணைப் போடு. வரிசையில நின்னவளுக்கு ரெண்டாந்தடவை இடம் கொடுப்பான். ஹாக்மன் வீட்டுப் பொண்ணு பன்னிரண்டு வாசல்ல போய்க் கையேந்திக்கிட்டு நிக்கறதா? கிடைச்சா போ. கிடைக்கலையா, இது உனக்கு எழுதினது இல்லன்னு விட்டுடு. கிளினிக் இருக்கு."

"ஒரு வாசல்ல நின்னேன், கதவைச் சாத்திட்டாங்க. அடுத்த வாசல் எங்கன்னு கேட்டா, நீங்க நம்ம வீட்டு வாசலைக் காட்டறீங்க."

"இந்த வீட்டுக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல் ஒண்ணும் இல்லப்பா. நான் டாக்டராகணும். அவ்வளவுதான்."

வில்மா இருவருக்கும் நடுவில் வெண்ணெய்க் கிண்ணத்தை வைத்தாள், எல்லைக்கல் நடுவது போல. "எங்கெங்கடி போடறே?"

"கென்டக்கி, ஓக்லஹோமா, ஆர்கன்சா, மெய்ன்..."

"மெய்னா? அது நம்ம நாட்டுலதான் இருக்கா இன்னும்?"

"இருக்கும்மா."

"அங்க மே மாசம் வரைக்கும் பனியாம். உனக்கு அக்டோபர் வந்தாலே மூக்கு ஒழுகும்."

நடீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெர்லினுக்கு வரவில்லை. அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"போடு. தாராளமாப் போடு. ஆனா ஒண்ணு கேக்கறேன். தொழில்ல இருக்கற ஆஸ்டியோபதி டாக்டர் ஒருத்தரோட சிபாரிசு வேணும்னு கேப்பான் சில இடத்துல. யாரு தருவா? பெத்த அப்பன் கொடுத்தா செல்லாது. இந்தக் கவுன்டியில, சுத்துப்பட்டு ஊர்ல எங்கயும், என்னை விட்டா வேற யாரு இருக்கா?"

யார் இருக்கிறார் என்பது மூன்று பேருக்கும் தெரியும். அந்தப் பேரை அந்தச் சமையலறையில் யாரும் சொல்லிப் பல வருஷமாகிறது.

இமோஜீன் புரூயிட். வெர்லினும் அந்த அம்மாளும் ஹார்ட்வெல்லில் ஒரே வகுப்பு. வெக்ஸ்லி ஊரில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அறைகளில் வைத்தியம் பார்த்தவர்கள். பக்கத்து ஊர் பெரிய ஆஸ்பத்திரி, சின்னக் கிளினிக்குகளை விலைக்கு வாங்கத் தொடங்கியபோது, விற்கக் கூடாது என்று இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அந்தக் கோடையிலேயே இமோஜீன் தன் பங்கை விற்றுவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டார். அன்றைக்கு நின்ற பேச்சு.

"நேரமாச்சு" என்று வெர்லின் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

கிளினிக்கில் முதல் ஆள் லெஸ்டர். ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவர். வைக்கோல் கட்டு தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டு, கேள்விக்குறி மாதிரி வளைந்து வந்தார்.

கதவு பாதி திறந்திருந்தது. அப்பா லெஸ்டரை மேஜைமேல் குப்புறப் படுக்க வைத்து, விரல்நுனியால் விலாவெலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனதை நடீன் பார்த்தாள். மருந்தும் ஊசியும் அறுவையும் மற்ற டாக்டர்கள் படிப்பதுதான் ஆஸ்டியோபதி டாக்டர்களும் படிப்பது. அதற்கு மேல் இந்தக் கைவைத்தியம் ஒன்று. எந்த இடத்தில் தசை முறுக்கிக்கொண்டிருக்கிறது, எந்த எலும்பு தன் வழியில் அசையவில்லை என்று அப்பாவின் விரல் கண்டுபிடித்துவிடும். ஓர் இடத்தில் நின்றது. "மூச்சை இழு. விடு." ஒரு அழுத்தம். லெஸ்டர் "ஐயோ சாமி!" என்று கத்தியது கத்தலா நிம்மதியா என்று சொல்ல முடியாது.

அப்பாவோடு நாள் முழுக்கச் சண்டை போடலாம். அந்தக் கைகளோடு மட்டும் அவளால் சண்டை போட முடிந்ததில்லை. சின்ன வயதில் இருந்து அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கைகள்தான்.

லெஸ்டர் நிமிர்ந்த மனிதராக வெளியே வந்தார்.

"என்னம்மா, இன்னும் இந்த மேஜையிலேயா உக்காந்திருக்கே? போன வருஷமே டாக்டருக்குப் படிக்கப் போறதாச் சொன்னாங்களே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அவ இல்லாம இந்தக் கிளினிக் ஒரு நாள் நடக்குமா, லெஸ்டர்?"

லெஸ்டர் சிரித்தார். "சாயங்காலம் மீன் விருந்துக்கு வந்துடுங்க எல்லாரும். டாக்டர், எண்ணெய்ச் சட்டி உங்க பொறுப்பு, வழக்கம் போல."

அவர் போன கையோடு தபால்காரர் ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். கிளினிக் பேருக்கு வந்திருந்தது. பஞ்சுருண்டையோ கையுறையோ என்று நினைத்து நடீன் பிரித்தாள்.

உள்ளே முகவரி அட்டைகள். கெட்டித் தாள், நீல எழுத்து. 'ஹாக்மன் குடும்ப மருத்துவமனை' என்று மேலே. கீழே அவளுடைய பெயர். பெயருக்குக் கீழே, 'நிர்வாகி.'

பெட்டியோடு உள்ளே போனாள். அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு பிள்ளையின் வெட்கம் வந்தது.

"அட, அதுக்குள்ள வந்துடுச்சா! உன் பிறந்தநாளைக்குக் கொடுக்கலாம்னு இருந்தேன்."

"என் பிறந்தநாள் நவம்பர்லப்பா."

"ஆமா."

"நவம்பர்லயும் நான் இங்கேயேதான் இருப்பேன்னு முடிவே பண்ணிட்டீங்க."

"நடீன், நான் நல்லெண்ணத்துலதான்..."

"தெரியும். அதுதான் கஷ்டமா இருக்கு. கெட்ட எண்ணமா இருந்தா இந்நேரம் கத்திட்டுப் போயிருப்பேன்." அவள் பெட்டியைத் தொட்டியின் ஓரத்தில் வைத்தாள். காரின் சாவியை எடுத்தாள். "வெளிய போறேன். ஃபோன் அடிச்சா நீங்களே எடுங்க."

"எங்க போறே?"

"கவுன்டியில இருக்கற இன்னொரு டாக்டரைப் பார்க்க."

இமோஜீன் புரூயிட் வீட்டு முற்றத்தில் புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு, முழங்கை வரை கருப்பு எண்ணெயோடு உட்கார்ந்திருந்தார். அப்பா வயசுதான். ஆனால் ஒல்லி. நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தார்.

"நீ வெர்லின் பொண்ணு."

"அது எனக்குத் தெரியும், டாக்டர். நான் வேற விஷயமா வந்தேன்."

இமோஜீன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தத் திருப்புளியைக் கொடு. பேசு."

நடீன் சொன்னாள். அப்பாவின் 'ஒண்ணு', தன்னுடைய 'பன்னிரண்டு', தேவைப்படும் சிபாரிசு, எல்லாம்.

"ஏன் பன்னிரண்டு?"

"நான் டிகிரி படிச்ச காலேஜ்ல ஆலோசகர் சொன்னாங்க. என் மார்க்குக்குப் பத்துக்குக் குறையாமப் போடணுமாம்."

"அப்படி என்ன மார்க் உனக்கு?"

"நுழைவுத் தேர்வு சுமார். அது பரவாயில்ல. ரெண்டாம் வருஷ வேதியியல்லதான் கவுந்துட்டேன். அந்த வருஷம் அம்மாவுக்கு மார்புல புத்துநோய். வாரத்துல பாதி நாள் வகுப்பை விட்டுட்டு அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சேன்."

இமோஜீனின் கை நின்றது. "வில்மாவுக்கா? எனக்கு யாரும் சொல்லலையே."

"யாரு சொல்லுவா?"

"இப்ப எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க. எல்லாரையும் திட்டறாங்க."

"அப்ப நல்லாத்தான் இருக்கா." இமோஜீன் ஒரு திருகாணியைக் கழற்றிப் புல்லில் வைத்தார். "சரி, ஒவ்வொண்ணாச் சொல்லு. இன்னிக்குக் கூப்பிட்டா நாளைக்குப் பெட்டி கட்டுவியா? ஆமாம்னா வெச்சுக்கோ. எண்ணிக்கைக்காகச் சேர்த்தது இருந்தா எடுத்துடு. நேர்ல பேசும்போது அவன் உன் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவான்."

நடீன் சொல்லிக்கொண்டே போனாள். ஃபுளோரிடாவில் ஒன்று. "வெயில் உனக்கு ஆகுமா?" "ஆகாது." "அப்புறம் எதுக்கு?" நடீன் யோசித்தாள். காரணம் எதுவும் தட்டுப்படவில்லை. அது போனது. இன்னொன்றில் மூன்றாம் வருஷம் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியை மாணவர்களே தேடிக்கொள்ள வேண்டும். "தெரிஞ்சவங்க இல்லாத ஊர்ல நீ யார் கதவைத் தட்டுவே?" அதுவும் போனது.

"ஆர்கன்சாவுல ஒண்ணு. புதுசு. முதல் வகுப்பு இன்னும் படிச்சு முடிக்கல."

"எடுத்துடு."

"எடுக்க மாட்டேன்."

இமோஜீன் நிமிர்ந்தார்.

"டாக்டரே இல்லாத ஊருங்களுக்கு டாக்டர் வேணும்னுதான் அதை ஆரம்பிச்சிருக்காங்க. நம்ம வெக்ஸ்லி மாதிரி ஊர்ல இருந்து வர்ற பிள்ளைங்களைத் தேடறாங்க. நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன். உடற்கூறு அறையில வாத்தியார் ஒருத்தர், நான் யாருன்னுகூடக் கேக்காம, அரைநாள் நிக்க வெச்சுக் காட்டினாரு. புதுசுங்கறதுக்காக எடுக்கச் சொன்னா எடுக்க மாட்டேன்."

"முதல் வகுப்புப் பிள்ளைங்களுக்கு மேல்படிப்பு இடம் எங்க கிடைக்கும்னு யாருக்கும் தெரியாது. உன் தலையில பரிசோதனை பண்ணுவாங்க."

"உங்க காலத்துல உங்களுக்கு மட்டும் என்ன தெரிஞ்சுது? ஊர்ல பாதிப் பேரு நீங்கள்லாம் நிஜ டாக்டரான்னு கேட்டாங்களாமே. அப்பா சொல்லியிருக்காரு. ஆனாலும் போனீங்க இல்ல?"

இமோஜீனின் உதட்டோரம் லேசாகக் கோணியது. "வெர்லினோட நாக்கு அப்படியே வந்திருக்கு. சரி, வெச்சுக்கோ. ஆகப் பத்து. ஹார்ட்வெல்லும் அதுல இருக்கா?"

"இருக்கு."

"இந்த வருஷமுமா?"

"ஏன், கூடாதா?"

இமோஜீன் பழந்துணியை எடுத்து விரல்களைத் துடைத்தார். துடைத்த விரலையே மறுபடி துடைத்தார். "ஒண்ணுமில்ல. சிபாரிசு எழுதறேன். ஒரு விஷயம் மட்டும் நடக்கணும். உங்கப்பா வந்து கேக்கட்டும். இந்த முற்றத்துல நின்னு, அவன் வாயால."

நடீனுக்கு முகம் சூடேறியது.

"நீங்க ரெண்டு பேரும் பேச்சை நிறுத்தினப்ப நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். மளிகைக் கடையில நீங்க ஒரு வரிசையில வந்தா அப்பா அடுத்த வரிசைக்குப் போயிடுவாரு. நீங்க நிக்கற பக்கம் பால் இருந்தா என்னை அனுப்புவாரு. அன்னிக்கே எனக்கு அலுத்துப் போச்சு. இப்ப மறுபடியும் என்னைப் பாலுக்கு அனுப்பறீங்க."

"அவன் என்னை எப்படிப் பேசினான்னு உனக்குத் தெரியுமா? என் புருஷன் பக்கவாதத்துல படுத்திருந்தான். ஆஸ்பத்திரி வேலையில இன்ஷூரன்ஸ் இருந்தது. அதுக்குத்தான் வித்தேன். ஏன் வித்தேன்னு ஒரு வார்த்தை கேட்டானா உங்கப்பன்? துரோகின்னான்."

"அது தப்புதான். அவர்கிட்ட நீங்க கேளுங்க. எனக்கு இன்னிக்கு வேண்டியது எனக்குப் படிக்கத் தகுதி இருக்கான்னு ஒரு டாக்டரோட வார்த்தை. அதை அவர் தலை குனியறதுக்கு விலையாக் கேக்காதீங்க." அவள் காரை நோக்கி நடந்தாள். கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினாள். "சிபாரிசு கட்டாயம்னு கேக்கறது நாலு இடம்தான். அந்த நாலும் சாத்தினா சாத்தட்டும். நான் அனுப்பறது பத்துதான்."

வெக்ஸ்லி தீயணைப்பு நிலையத்தில் அன்று வண்டிகளையெல்லாம் வெளியே புல்வெளியில் நிறுத்திவிட்டு, உள்ளே நீள மேஜைகள் போட்டிருந்தார்கள். வருஷா வருஷம் நடக்கும் மீன் விருந்து. ஆற்றுக் கெளுத்தியை மாவில் புரட்டிப் பெரிய இரும்புச் சட்டியில் பொரிப்பார்கள். கோஸ் பச்சடி, சோளரொட்டி, புளிப்பான ஒரு கீரைத்தண்டை மாவுக்குள் பொதிந்து சுட்ட இனிப்பு. ஊரே வந்திருந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. பெரிய கதவு வழியாகச் சோயா வயல்களின் பச்சை தெரிந்தது.

வெர்லின் ஏப்ரன் கட்டிக்கொண்டு சட்டியருகே நின்றார். மகள் வந்ததைப் பார்த்தார். ஒரு துண்டு மீனைத் தட்டில் வைத்து நீட்டினார், பெரிய துண்டாகப் பார்த்து. "சாப்பிடு" என்றார்.

லெஸ்டர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். அப்போது அவர் கண்ணில் நடீன் பட்டாள். நல்ல மனுஷர். நிமிர்ந்த முதுகின் சந்தோஷம் வேறு.

"நம்ம டாக்டரோட பொண்ணு இந்த வருஷம் ஹார்ட்வெல் போகணும்னு எல்லாரும் வேண்டிக்குவோம்! போயிட்டு நம்ம ஊருக்கே திரும்பி வரணும்! அந்த ஒரு காலேஜ்தானே டாக்டர்?"

"ஒண்ணேதான்" என்றார் வெர்லின், சட்டியில் இருந்து முகத்தை எடுக்காமல்.

கைதட்டினார்கள். நடீன் தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றது அவளுக்கே தெரியவில்லை.

"ஒண்ணு இல்ல, லெஸ்டர். பத்து."

கைதட்டல் அங்கங்கே அறுந்து நின்றது.

"பத்து காலேஜுக்குப் போடறேன். அப்பாவோடதும் அதுல இருக்கு. பத்துல ஒண்ணு. யாரு முதல்ல கதவைத் திறக்கறாங்களோ அங்க போவேன். மெய்ன்னா மெய்ன். திரும்பி வருவேனான்னு கேட்டா, வரணும்னுதான் ஆசை. ஆனா அதை இன்னிக்கே எழுதிக் கொடுக்க மாட்டேன். எனக்காக வேண்டிக்கறதா இருந்தா, பத்துக்கும் சேர்த்து வேண்டிக்குங்க."

பின்வரிசையில் யாரோ ஒரு பெண் தனியாகக் கைதட்டினாள். யாரென்று பார்த்தால் வில்மா. "என்ன பாக்கறீங்க? பொண்ணு சொல்றது நியாயம்தானே? நான் பள்ளிக்கூட வேன் ஓட்டினப்ப ஒரு வீட்டு வாசல்ல மட்டும் நிறுத்திட்டா போனேன்?"

சிரிப்பு வெடித்தது. வெர்லினின் கழுத்து சிவந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதுதான் சிரிப்பு வாசல் பக்கத்தில் இருந்து அடங்கிக்கொண்டு வந்தது.

இமோஜீன் புரூயிட் வந்துகொண்டிருந்தார். கையில் காகிதத் தட்டு. முழங்கையில் கருப்பு எண்ணெய் இன்னும் முழுசாகப் போகவில்லை. வரிசையில் நின்றவர்கள் தானாக விலகினார்கள். நேராகச் சட்டி முன்னால் போய் நின்றார்.

"மீன் இருக்கா, வெர்லின்?"

"இருக்கு."

"முள்ளில்லாத துண்டாப் போடு."

அவர் போட்டார். தட்டில் விழுந்த வேகத்தில் பாதி மாவு உதிர்ந்தது.

இமோஜீன் திரும்பினார். "நடீன், சிபாரிசை இந்த வாரக் கடைசிக்குள்ள அனுப்பிடறேன். யாரும் என் முற்றத்துக்கு வந்து நிக்க வேண்டாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வெர்லின், வெளிய வா. உன்கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. இத்தனை வருஷத்துக் கதை இல்ல. போன வருஷத்துக் கதை."

வெர்லின் கரண்டியை லெஸ்டரிடம் கொடுத்தார். இருவரும் தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் போனார்கள்.

நடீன் போகவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நிற்கவும் அவளுக்கு விருப்பமில்லை. பக்கத்தில் இருந்த சின்ன அலுவலக அறைக்குள் போய், பையில் இருந்த மடிக்கணினியைத் திறந்தாள். கட்டுரை, மார்க், வேலை விவரம் எல்லாம் முன்பே ஏற்றி வைத்திருந்தாள். சிபாரிசு பிறகு வந்து சேரலாம். கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் மட்டும் பாக்கி. முந்தி வருகிறவர்களைத்தான் முந்திப் பார்ப்பார்கள். இனியும் காத்திருக்க ஒன்றுமில்லை.

இரண்டை நீக்கினாள். பத்து நின்றன.

வில்மா ஒரு தட்டில் இனிப்பும் முள்கரண்டியுமாக வந்து, மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளியே அப்பாவின் குரல் உயர்ந்தது. இமோஜீனின் குரல் அதற்கு மேல் உயர்ந்தது. பிறகு இரண்டுமே கேட்கவில்லை.

"எதுடி மெய்ன்?"

"இதோ, மூணாவது."

வில்மா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தாள். திரையில் அது ஒரு வரிதான். அந்த ஒரு வரியை வெகுநேரம் பார்த்தாள். நோய் வந்த வருஷம் உதிர்ந்து மறுபடி முளைத்த முடி, சுருள்சுருளாக, அவள் நெற்றியில் விழுந்திருந்தது.

"உனக்குக் கனமான கோட்டு ஒண்ணு வாங்கணும்" என்றாள். "அமுக்கு."

நடீன் அமுக்கினாள். சக்கரம் ஒன்று சுற்றியது. 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வில்மா இனிப்பில் ஒரு வாய் வெட்டி மகளுக்கு ஊட்டிவிட்டாள்.

கதவு திறந்தது. வெர்லின் தனியாக நின்றார். ஏப்ரன் கையில் சுருண்டிருந்தது. அவள் இதுவரை பார்க்காத முகம். கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"நடீன். அந்தப் பத்துல ஒண்ணை எடுத்துடு."

"எதை?"

"ஹார்ட்வெல்லை."

அவள் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தாள். "உங்களோடதையா?"

"ஆமா. அங்க போடாத."

"போட்டாச்சுப்பா. பத்தும் போயாச்சு."

"எடுக்க முடியாதா?"

"முடிஞ்சாலும் எடுக்க மாட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "போன வருஷம் அந்த ஒரு வாசல்தான்னு சொன்னதும் நீங்க. இன்னிக்கு அந்த வாசல் மட்டும் வேண்டாம்னு சொல்றதும் நீங்க. இனிமே எங்க நிக்கணும்னு நான் முடிவு பண்றேன். பத்துன்னா பத்துதான்."

வெர்லின் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால், வாசற்படியில், இமோஜீன் வந்து நின்றார். மீன் தட்டு இன்னும் அவர் கையில் அப்படியே இருந்தது, ஒரு துண்டு கூடத் தொடாமல்.

"சொல்லிடு, வெர்லின். நம்ம கூடப் படிச்சு இப்ப அங்க வேலை பாக்கறவன் எனக்குச் சொன்னதை இவளும் கேக்கட்டும். போன வருஷம் நீ ஹார்ட்வெல்லுக்கு என்ன சொல்லி அனுப்பினே, அந்த வரிசையில அவ ஏன் அசையாம நின்னான்னு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

வில்மா முள்கரண்டியை மெல்லத் தட்டில் வைத்தாள். கூடத்தில் லெஸ்டர் யாரையோ அழைத்து எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்வது கேட்டது.

நடீன் மடிக்கணினியை மூடினாள். சுவரோரம் கிடந்த மடக்கு நாற்காலியை எடுத்து விரித்து, அப்பாவுக்கு எதிரே போட்டாள்.

"உக்காருங்கப்பா" என்றாள். "நீங்களே சொல்லுங்க."